ஓட்டிக்கொண்டே கதை சொல்லச் சொன்னது யார்?

எங்களுக்கு வேன் அனுப்பிய சுற்றுலா நிறுவனத்துக்குப் பொறுப்பே கிடையாது. ஒரே ஆளைச் சாரதியாகவும் வழிகாட்டியாகவும் வைத்து, ஓட்டிக்கொண்டே பேசச் சொல்கிறார்கள்.

திருச்சியிலிருந்து வந்த உறவினர்களுக்கு எங்கள் இலங்கை மலையகத்தைச் சுற்றிக்காட்ட, பதுளையிலிருந்து அந்த வேனில் புறப்பட்டோம். சாரதி நன்றாகக் கதை சொன்னார். நானும் ஊர்ப் பெருமையில், "அந்தக் கொஸ்லந்தை நீர்வீழ்ச்சிக் கதையையும் சொல்லுங்க தம்பி" என்று தூண்டிவிட்டேன். அது என் பிழை.

கொஸ்லந்தைக்கு அருகே ஒரு வளைவில் அவர் பின்னால் திரும்பி, அருவியைக் காட்டக் கையை நீட்டினார். அது பகலில், பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் நேரம். தோட்டத்துப் பெண்கள் மூட்டைகளோடு வீதியைக் கடந்துகொண்டிருந்தார்கள். நான் கத்தினேன். ஒரு பெண்ணுக்கு ஒரு முழம் முன்னால் வேன் நின்றது. அவருடைய மூட்டை விழுந்து கொழுந்து வீதியெல்லாம் கொட்டியது.

அந்த அம்மா சாரதியிடம், "அருவி எங்கயும் ஓடிப்போகாதுங்க. நாங்கதான் போயிருப்போம்" என்றார். இறங்கிக் கொழுந்தை அள்ளிக் கொடுத்தோம்.

சாரதி என் பக்கத்தில் வந்து நின்றார். "பயணம் முடிஞ்சதும் உங்ககிட்ட ஒரு படிவம் குடுக்கணும் அண்ணே. வழிகாட்டி நல்லாப் பேசினாரான்னு அதுல கேட்டிருக்கு. பேசலன்னு எழுதிட்டா அடுத்த பயணம் எனக்கில்ல" என்றார். அந்தப் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். எப்படி ஓட்டினார் என்று ஒரு கேள்விகூட இல்லை.

இப்போது வேனை நிறுத்திய பிறகுதான் கதை கேட்கிறேன். படிவத்தில் அந்தக் கேள்வி ஏன் இல்லை என்று நிறுவனம் இதே பத்திரிகையில், பெயர் போட்டுப் பதில் எழுத வேண்டும்.