புத்தூர் கட்டும் நைனாவின் குடலும்

என் நைனாவின் வயிற்றுக்குள் ஒரு குட்டி குடியிருக்கிறது என்றுதான் ஏழெட்டு வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். பூனைக் குட்டியா முயல் குட்டியா என்பதில் மட்டும் எனக்குக் குழப்பம் இருந்தது.

கரும்புக் கட்டுகளை லாரியில் ஏற்றிவிட்டு மத்தியானம் வீடு திரும்புவார் நைனா. மாமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, கைலியைத் தளர்த்திக்கொண்டு மல்லாந்து படுப்பார். அடிவயிற்றில், வலது தொடை தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு இருக்கும். உள்ளங்கையால் மெல்ல அழுத்துவார், உள்ளே போய்விடும். எழுந்து நின்று இருமினால் மறுபடியும் எட்டிப் பார்க்கும். என்ன அது என்று கேட்டால், "குட்டி தூங்குது, சத்தம் போடாத" என்பார். நானும் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டு மூச்சை அடக்குவேன். இலைகளுக்கு நடுவே வெயில் சொட்டுச் சொட்டாக விழும். எனக்கும் அந்தக் குட்டிக்கும் ஒரே நேரத்தில் தூக்கம் வரும்.

அந்த வருஷங்களில் எங்கள் பாலசமுத்திரம் பக்கத்தில் காற்று அடித்தால்கூட குவைத்தைப் பார்த்துத்தான் அடித்தது. டிரைவர் வேலைக்கு ஒருத்தர், சமையல் வேலைக்கு ஒருத்தி, ஆடு மேய்க்க ஒருத்தர் என்று வீட்டுக்கு வீடு போய்க்கொண்டிருந்தார்கள். சொந்த ஊரில் ஆடு மேய்ப்பது கேவலம் என்றவர்கள்கூட விமானம் ஏறிப் போய் அங்கே மேய்த்தார்கள். நைனாவுக்கும் திருப்பதி ஏஜென்ட் ஒருவர் மூலம் விசா வந்தது. மெட்ராசில் மருத்துவப் பரிசோதனைக்குப் போனார். அங்கே ஒரு டாக்டர் அவரை நிற்க வைத்து, அடிவயிற்றில் விரலை வைத்து, இருமச் சொன்னாராம். அவ்வளவுதான். குடலிறக்கம், லாயக்கில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் பஞ்சாயத்து கூடியது. பஞ்சாயத்து என்றால் அத்தைதான். நைனாவுக்கு மூத்தவள், எதையும் தீர்மானித்துவிட்டுத்தான் யோசிப்பாள்.

"எடம் விட்டு எறங்கினு கீதுன்னா எடத்துல வச்சிக் கட்டணும். அதுக்குத்தான புத்தூரு கீது?" என்றாள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கை உடைந்தாலும் கால் பிசகினாலும் புத்தூர் கட்டுதான். பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் தடவி, மூங்கில் தப்பை வைத்துத் துணியால் சுற்றிவிடுவார்கள். எனவே அத்தை சொன்னது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. அம்மா மட்டும், "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும், அண்ணி. கூழோ கஞ்சியோ, இங்கியே குட்ச்சிக்கினு இருக்கலாம்" என்றாள். அவள் சொன்னதை அத்தை காதில் போட்டுக்கொள்ளவில்லை. குட்டியை விரட்ட அம்மாவுக்கும் மனசில்லை என்று எனக்கு மட்டும் சந்தோஷமாக இருந்தது.

நகரி போய் பஸ் மாறிப் புத்தூருக்குப் போனோம். கைகளையும் கால்களையும் வெள்ளைத் துணியில் பொட்டலம் கட்டிக்கொண்டு ஏகப்பட்ட பேர் உட்கார்ந்திருந்தார்கள். கட்டுக் கட்டுபவர் நைனாவைப் படுக்க வைத்து ஒரு தடவைதான் தொட்டார். எலும்பென்றால் தான் பார்ப்பதாகவும், இது குடல், கட்டினால் நிற்காது, திருப்பதி பெரியாஸ்பத்திரிக்குப் போகும்படியும் தெலுங்கில் பொறுமையாகச் சொன்னார். நைனா தலையாட்டினார். அத்தையும் தலையாட்டினாள். ஆனால் அவள் கண் அந்த ஆளின் முகத்தில் இல்லை, அவர் கையில் இருந்தது. பக்கத்தில் ஒரு பையனுக்கு அவர் எப்படிச் சுற்றுகிறார் என்று பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டிலேயே புத்தூர் கட்டு நடந்தது. கோழி அடைகாக்க வைத்திருந்த முட்டைகளை அத்தை உடைத்தாள். ஏதோ ஒரு தழையை அரைத்துக் கலந்து, பழைய வேட்டியைக் கிழித்து, நைனாவின் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். அது காய்ந்ததும் நைனா குனியவும் முடியாமல் உட்காரவும் முடியாமல், பள்ளிக்கூட டிரில் மாஸ்டரைப் போல விறைப்பாக நடந்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நைனாவும் சிரித்தார். சிரிப்பு இருமலானது.

இருமிய வேகத்தில் குடல் வெளியே வந்து, இறுகிய கட்டுக்கடியில் மாட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அவர் முகம் சாம்பலாகிவிட்டது. வாந்தி எடுத்தார். அம்மா அரிவாளால் துணியை அறுத்து எறிந்தாள். புடைப்பு கல்லைப் போல இருந்தது. எத்தனை அழுத்தியும் உள்ளே போகவில்லை. குட்டி செத்துவிட்டது என்று நான் அலறினேன். அத்தை என் வாயை மூடினாள்.

திருப்பதிக்குத் தக்காளி ஏற்றிப்போகும் வேன் ஒன்று கிடைத்தது. பின்பக்கம் கூடைகளுக்கு நடுவில் நைனாவைப் படுக்க வைத்தார்கள். நான் ஒரு கூடைமேல் உட்கார்ந்திருந்தேன். வானம் எங்களோடு கூடவே வந்தது. மலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி எங்களைப் பார்த்துவிட்டுப் பின்னால் போயின. தக்காளி வாசனையில் எனக்குத் தூக்கம் வந்தது, பயமாகவும் இருந்தது, இரண்டும் ஒன்று போலவே இருந்தது. நைனாவின் தலை அம்மாவின் மடியில். சந்திரகிரி கோட்டை மலை கண்ணில் பட்டபோது அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "பெருமாளே, எங்க வேணா போவட்டும், எத்தினி வருசம் வேணா ஆவட்டும். உசுரோட இருந்தா போதும்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். நைனாதான் பக்கத்திலேயே இருக்கிறாரே, எங்கே போகப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

உடனே ஆபரேஷன் செய்தார்கள். முடிந்ததும் டாக்டர் வெளியே வந்து, தன் சட்டையையே பிடித்துக் காட்டி விளக்கினார். வயிற்றின் சுவரில் ஓரிடம் நைந்துபோய் ஓட்டை விழுந்திருந்ததாம். குடல் அது வழியாக இறங்கி நெரிபட்டுக் கிடந்ததாம். இன்னும் தாமதித்திருந்தால் ரத்த ஓட்டம் நின்று குடல் அழுகியிருக்கும், ஆள் பிழைத்திருக்க மாட்டார் என்றார். நல்லவேளை, குடல் கெடவில்லை. உள்ளே தள்ளி, ஓட்டையைத் தைத்து, மேலே மெல்லிய வலை ஒன்றையும் வைத்திருப்பதாகச் சொன்னார். அத்தை தரையில் உட்கார்ந்து அழுதாள். நைனாவைப் பார்க்க விட்டபோது, இடுப்புக்குக் கீழே கால்கள் இருப்பதே தெரியவில்லை, எங்கேயோ மேகத்தில் கிடக்கிற மாதிரி இருக்கிறது என்று குழறினார். ஜன்னலுக்கு வெளியே ஏழுமலையும் மங்கலாகத் தெரிந்தது. அவர் கால்கள் அங்கே உலாவப் போயிருக்கின்றன என்று முடிவு செய்தேன்.

கனமான எதையும் தூக்கக்கூடாது என்று சொல்லியனுப்பினார்கள். அந்த மாதங்கள்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். கரும்பு லோடு இல்லை, நைனா நாள் முழுக்க வீட்டில். அம்மா கூலிக்குப் போனாள், அவர் எனக்குத் தலை வாரிவிட்டார். கோணல் வகிடுதான், ஆனாலும் பெருமையாகப் பள்ளிக்கூடம் போனேன். சாயங்காலம் வேலையிலிருந்து வரும் அம்மா, களைப்போடு வந்தாலும், வாசலில் அவரைப் பார்த்ததும் நடையை எட்டிப் போடுவாள்.

பிறகு ஒருநாள் காட்டிவிட்டு வர எல்லோரும் திருப்பதி போனோம். டாக்டர் நைனாவை நிற்க வைத்து, தழும்புக்குப் பக்கத்தில் விரலை வைத்து, "தக்கண்டி" என்றார். நைனா இருமினார். இன்னும் பலமாக என்றார். பலமாக இருமினார். ஒன்றும் வரவில்லை. டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு, சுத்தமாகக் குணமாகிவிட்டது, இனி எந்த வேலைக்கும் போகலாம் என்றார்.

நான் கைதட்டினேன். அத்தை மலைப்பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நைனா சின்னப் பையனைப் போலச் சிரித்தார். அம்மா சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். ஏம்மா அழுவுற என்று கேட்டேன். "கண்ல தூசி" என்றாள். இரண்டு கண்ணிலுமா என்று கேட்டதற்கு முந்தானையை இன்னும் அழுத்திக்கொண்டாள். நல்ல சேதிக்கு அழுகிற மனுஷியை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது.

பஸ்ஸில் வரும்போது நைனாவும் அத்தையும் குவைத் ஏஜென்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள். நான் அவர் மடியில் உட்கார்ந்து, இனிமேல் நைனாவுக்கு ஒன்றும் ஆகாது, எப்போதும் நம்மோடுதான் இருப்பார் என்று அம்மாவுக்கு ஆறுதல் சொன்னேன்.