இரண்டரை அங்குலம்

மூன்று வாரத்துக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை காலை, சாத்தம் ஜெட்டியில் என் வண்டி மாட்டிக்கொண்டது. முன் சக்கரம் ஃபெர்ரியில். பின் சக்கரம் ஜெட்டியில். நடுவே அந்தரத்தில் நான்.

கடல் நன்றாக வற்றியிருந்த நேரம். ஃபெர்ரி கீழே இறங்கி நின்றதால், ஜெட்டி விளிம்பு ஒரு மேடு போல எழும்பிவிட்டது. வண்டியின் வயிறு அதன் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். அப்புறம் 'டங்'. அப்புறம் லாரி போல ஓர் உறுமல்... சைலன்சர் பாதி கழன்று தொங்குகிறது.

பின்னால் வரிசையாக டூவீலர்கள். ஆபீஸ் போகிறவர்கள், மீன் கூடைக்காரர்கள், யூனிஃபார்மில் பிள்ளைகள். யாரும் திட்டவில்லை. எட்டுப் பேர் இறங்கி வந்து வண்டியைத் தூக்காத குறையாகப் பின்னால் தள்ளினார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

ஃபெர்ரியில் வண்டிகளை ஏற்றிவிடும் ஆரஞ்சு ஜாக்கெட்காரர் என் ஜன்னலருகே வந்தார். ராஞ்சியிலிருந்து இந்தத் தீவுக்கு வந்து குடியேறிய குடும்பம், நடுத்தர வயசு. தணிந்த குரலில்தான் சொன்னார்.

"மேடம், இஸ் காடி ஸே நஹி ஹோகா. ரோட் ஸே கூம் கே ஜாயியே."

இந்த வண்டி இதற்கு ஆகாது, ரோட்டில் சுற்றிப் போங்கள்.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு விஷயம். கல்லூரியில் படிக்கும்போது பைக் சறுக்கி முதுகுத்தண்டில் அடிபட்டது. இருபது வருஷமாக வீல்சேர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. கணக்கு டீச்சர். வீடு புரோத்ராபூரில்.

என் வண்டி கடையில் வாங்கியபடி இருக்கிற வண்டி அல்ல. மெயின்லேண்டில் ஒரு பட்டறையில் அதன் தரையை வெட்டி, தாழ்த்தி, பின்கதவில் ஒரு சரிவுப் பலகை வைத்துக் கொடுத்தார்கள். சேரோடு பின்னால் ஏறி, டிரைவர் சீட்டுக்கு மாறிக்கொள்வேன். ஆக்ஸிலரேட்டர், பிரேக் இரண்டும் கைக்கு. எல்லாம் அருமை. ஒன்றைத் தவிர — தாழ்த்திய தரைக்கும் அடியிலேயே சைலன்சர் பைப்பைக் கொண்டு போயிருந்தார்கள். வண்டியின் தரைக்கு ரோட்டிலிருந்து ஆறரை அங்குல உயரம் இருந்தது. சைலன்சருக்கு நான்கு. எங்கள் ஊர் வேகத்தடைகள் ஒவ்வொன்றும் அதைத் தட்டிப் பார்க்காமல் விட்டதில்லை. பழகிவிட்டது.

பழகிய விஷயத்தை ஏன் இப்போது தூக்கிக்கொண்டு வருகிறேன்?

எனக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது. ஹெட்மிஸ்ட்ரஸ். பள்ளி இருப்பது பாம்பூ ஃப்ளாட்டில். சாத்தத்தில் ஃபெர்ரி ஏறினால் கண்ணெதிரே தெரிகிற கரை. ரோட்டில் சுற்றினால் ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. அந்த ரோட்டில் இருக்கும் பள்ளங்களுக்கு என் சைலன்சர் ஒரு வாரம் தாங்காது. பொறுப்பேற்கப் பதினைந்து நாள்தான் கெடு. அதனால்தான் முன்கூட்டியே ஒத்திகை பார்க்கப் போனேன். பார்த்தாகிவிட்டது.

என் கணவர் சேகருக்கு மின்சார இலாகாவில் வேலை. அன்று சாயங்காலம் மெதுவாக ஆரம்பித்தார்.

"டென்ஷன் ஆகாத. நான் கொண்டு போய் விடுறேன்."

"டெய்லியா?"

"கொஞ்ச நாளைக்கு."

"உங்க டியூட்டி?"

அவர் எழுந்து போய்க் காலண்டரில் தன் டியூட்டி நாட்களை எண்ண ஆரம்பித்தார். 

திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் சரளா மேடம் ஒரு தாளை நீட்டினார். தெலுங்குக்காரர், என்மேல் உண்மையான பிரியம் உள்ளவர். பதவி உயர்வு வேண்டாம் என்று என் பெயரில் ஒரு கடிதம். அவரே டைப் செய்து கொண்டு வந்திருந்தார்.

"சைன் மட்டும் போடு. ஹெல்த் கிரவுண்ட்னு போட்டிருக்கேன். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளைத் திருப்பினேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதில் என் வண்டியைப் படமாக வரைந்தேன்.

மறுநாள் கடல் வற்றும் நேரம் பார்த்து மறுபடி ஜெட்டிக்குப் போனோம். கையில் ஒரு நைலான் கயிறு. முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை என்ன தூரமோ, அந்த நீளம். ஒரு முனை சேகரிடம். இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். ஆரஞ்சு ஜாக்கெட்காரரைக் கேட்டேன். இந்தம்மா விடமாட்டாள் போலிருக்கிறதே என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, வந்து பிடித்தார். மேட்டைத் தொட்டபடி கயிறு நேராக நின்றபோது, முனைகள் தரையிலிருந்து ஐந்து அங்குல உயரத்தில் இருந்தன.

கணக்கு டீச்சருக்கு அது போதும். ஐந்து வேண்டும். நான்கு இருக்கிறது. சைலன்சரை வண்டித் தரைக்கு அடியிலிருந்து எடுத்து மேலே ஏற்றிவிட்டால், இரண்டரை அங்குலம் கூடி ஆறரை கிடைக்கும்.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் "வண்டியையே தூக்கிடலாம் மேடம், ஈஸி" என்றார்கள். வண்டியைத் தூக்கினால் பின்னால் உள்ள சரிவுப் பலகை செங்குத்தாகிவிடும். அப்புறம் என் கையால் சேரைத் தள்ளி ஏற முடியாது. ஃபெர்ரி ஏறும் வண்டி இருக்கும், வண்டி ஏறும் நான் இருக்க மாட்டேன்.

இரண்டாவதாகப் போனது பத்துபஸ்தியில், தபஸ்தாவிடம். பெங்காலி. வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். அங்கிருந்தே குரல் வந்தது.

"லெஃப்ட்ல டேங்க் இருக்கு. ரைட் சைட்ல ஜகா, எடம் இருக்கு, மேடம். பைப்பை ஓரமா ஏத்திக் கொண்டு போலாம். சைலன்சர் சப்பையா போடணும். ஹோ ஜாயேகா, ஆயிடும்."

இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தால் பெங்காலிக்கும் தமிழ் வரும், எனக்கும் இந்தி வரும்.

மூன்று நாளில் வேலை முடிந்தது. பைப் வலது ஓரமாக, தரையை ஒட்டி மேலே ஏறிப் போனது. ஓட்டிப் பார்த்தேன். வேகத்தடையில் சத்தமே இல்லை. சிரித்துக்கொண்டே திரும்பி வந்தபோது தபஸ்தா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மூக்கை உறிஞ்சினார்.

"ரப்பர் கருகுற வாசனை. மேடம், காலுக்குச் சூடா இல்ல?"

"எனக்குத் தெரியாது. கால்ல உணர்ச்சி கிடையாது."

அவர் முகம் மாறியதை இன்னும் மறக்கவில்லை. சட்டென்று என் செருப்புக்கு அடியில் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தார். காலடியில் கிடந்த ரப்பர் மேட் இளகியிருந்தது. நல்லவேளை, செருப்பு தடிமன். கால் தப்பியது. என்னிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்.

"சாவி இப்பத் தர மாட்டேன். முழுசாக் கழட்டிப் பண்றேன்."

பொறுப்பேற்க நான்கு நாள்தான் இருந்தது. அவசரம் என்றேன். காதில் வாங்கவே இல்லை. பைப்பைத் தரையிலிருந்து விரற்கடை தள்ளி மறுபடி வளைத்தார். நடுவில் இரட்டைத் தகடு வைத்தார், இரண்டு தகட்டுக்கும் இடையே காற்றுப் போக வழி விட்டு.

சனிக்கிழமை கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், என் வண்டி எஞ்சின் ஓடியபடி நிற்கிறது. டிரைவர் சீட்டில் தபஸ்தா. ரப்பர் மேட்டை எடுத்துவிட்டு, வெறும் தகரத்தின் மேல் வெறுங்காலை ஊன்றி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஆதா கண்டா ஆச்சு. முன்னாடி பஸார் வரைக்கும் ஓட்டிட்டும் வந்தேன். கால் டண்டா, ஜில்லுன்னு இருக்கு."

அரை மணி நேரம். எனக்காகத் தன் காலை வைத்துப் பார்த்திருக்கிறார். நன்றி சொல்ல ஆரம்பித்தேன். அவர் அதைக் கவனிக்காதது போல டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

திங்கட்கிழமை. வேண்டுமென்றே கடல் வற்றும் நேரத்து ஃபெர்ரிக்குப் போனேன். ஆரஞ்சு ஜாக்கெட்காரர் என்னைப் பார்த்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏக் பார் நீச்சே தேக்கியே," என்றேன். ஒரு தடவை கீழே பாருங்கள்.

குனிந்தார். அப்புறம் முழங்கால் போட்டார். எழுந்து பேண்ட்டைத் தட்டிவிட்டு, விசிலை வாயில் வைத்தார்.

மெதுவாக விட்டேன். முன் சக்கரம் இறங்கியது. மேடு வயிற்றுக்கு அடியில் வருகிறது... காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பின் சக்கரமும் இறங்கி, வண்டி ஃபெர்ரியில் நின்றது. ஜெட்டியில் ஸ்கூட்டரோடு நின்றிருந்த சேகர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கியதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

கடல் நடுவில் ஜன்னலைத் திறந்தேன். உப்புக் காற்று முகத்தில் அறைந்தது. அன்றைக்கு அதைவிடப் பெரிய வரவேற்பு எனக்கு யாரும் தரவில்லை. நமக்கு முடியாது என்று ஊரே ஒப்புக்கொண்ட எத்தனை விஷயங்களில், உண்மையில் தடையாக இருப்பது இரண்டரை அங்குலம்தானோ?

பள்ளியில் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்றேன். ஹெட் கிளார்க் தயங்கித் தயங்கி வந்தார். "மேடம், ஒரு ப்ராப்ளம். எச்.எம். ரூம் மாடியில இருக்கு."

"அப்ப ரூமைக் கீழ கொண்டு வாங்க," என்றேன்.

புதன்கிழமைக்குள் கொண்டு வந்துவிட்டார்கள்.