இருப்புக் கொள்ளாதவர்

அப்பாவைப் பற்றி எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாகவே இந்த மாதம் முழுக்கக் கழிந்தது. உட்கார்ந்து எழுதக்கூடிய ஆளா அவர்? ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கடைசிப் பாட்டு முடியுமுன் வாசலுக்கு வந்துவிடுவார். சாப்பிட்ட கை காய்வதற்குள் செருப்பைத் தேடுவார். அவருடைய முதலாண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர், அவரை ஜீப் ஓட்டுபவராகத்தான் பார்த்திருப்பீர்கள். பெற்ற மகளான நானும் அவரை அதிகம் பார்த்தது அந்த ஜீப்பில்தான்.

அப்பா வத்தலக்குண்டில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, லாரியில் கிளீனராக ஏறி, ஓட்டக் கற்றுக்கொண்டு கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தார். இங்கே ஒரு பள்ளி விடுதியின் சமையற்கட்டில் வேலை பார்த்த அம்மாவை மணந்தார். ஒருவருடைய ஜீப்பைச் சம்பளத்துக்கு ஓட்டினார். சீசனில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றுவார். மற்ற நாட்களில் மேல்மலைக் கிராமமான கிளாவரையிலிருந்து காய்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலை இறங்குவார்.

"இருப்புக் கொள்ளாத மனுசன்" என்பது அம்மா அவருக்கு வைத்த பெயர். அவருக்கும் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது, அவர் கையில் காசுக்கும் இருப்புக் கொள்ளாது. குடிப்பழக்கம் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஆனால் வத்தலக்குண்டில் இறங்கினால் கூட வந்தவர்களுக்கெல்லாம் பரோட்டா வாங்கிக் கொடுப்பார். பழனிக்குப் போனால் தெருவுக்கே காணுகிற அளவுக்குப் பஞ்சாமிர்தம் வரும். மே மாதத்தில் எங்கள் வீடு கல்யாண வீடு. மழை பிடித்து, மலைப்பாதையில் மண் சரிந்து, வண்டி ஓடாமல் நின்றதும் அம்மாவின் பித்தளைக் குடம் அடகுக்குப் போகும். அந்தக் குடம் எங்கள் வீட்டில் இருந்ததைவிட அடகுக் கடையில் இருந்த நாட்கள்தான் அதிகம்.

அம்மா மண் உண்டியல் வாங்கி வைத்தார். அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்து ஈர்க்குச்சியால் காசு எடுக்கப் பழகிக்கொண்டார். தபாலாபீசில் கணக்குத் தொடங்கினார்கள். போட்ட வேகத்தில் எடுத்தார். அம்மா கோபித்துக்கொண்டபோது அவர் சொன்ன பதில் எங்கள் வீட்டில் இன்றும் பேச்சுக்கு வரும்.

"நான் என்ன செய்ய? அது அங்க சும்மா கெடக்கு. சும்மா கெடக்குறத நெனச்சா எனக்குக் கை அரிக்குது."

வேடிக்கையாகச் சொன்னாலும் அது உண்மை. தன் குணத்தை அப்பா நன்றாக அறிந்திருந்தார். அதை மாற்ற முடியாது என்றும் அறிந்திருந்தார். அதற்கு ஒரு சோலி கொடுக்க முடியும் என்பதை மட்டும் அவருக்கு ஒரு மூட்டைப் பூண்டுதான் கற்றுக்கொடுத்தது.

கிளாவரையில் ஒரு விவசாயி, வண்டி வாடகையில் அப்பாவுக்குச் சேர வேண்டிய படியைக் காசாகத் தர முடியாமல் பூண்டாகத் தந்தார். "விதைக்கு ஆகும் டிரைவரே, அடுப்புக்கு மேல புகையில கட்டி வைங்க. அவசரப்பட்டு வித்துப்புடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். அப்பா மூங்கிலைக் குறுக்கே கட்டிப் பூண்டைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டார். அதன் பிறகு அவருக்கு வீட்டில் வேலை வந்துவிட்டது. வெள்ளனே எழுந்து ஒவ்வொரு கொத்தையும் திருப்பிக் கட்டுவார், சொத்தையைப் பிய்த்து எறிவார், முகர்ந்து பார்ப்பார். நடவுக் காலத்தில் மேல்மலைக்காரர்கள் விதைக்குத் தேடி வந்தபோது நல்ல விலை கிடைத்தது.

அன்றிலிருந்து ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். "காசு எங்கூட மலை எறங்கக் கூடாது." சம்பளமோ படியோ கைக்கு வந்ததும், வீட்டுச் செலவுக்கு அம்மாவிடம் கொடுத்தது போக மீதியை மேலே கிராமத்திலேயே பூண்டாக மாற்றிவிடுவார். வத்தலக்குண்டில் வெறும் பையோடு நிற்பார். டீயைக்கூட வியாபாரிகள் வாங்கிக் கொடுத்தால்தான் உண்டு.

அந்தப் பூண்டில் ஒரு பல்லைக்கூட அம்மா தொட முடியாது. கூரை முழுக்கப் பூண்டு தொங்க, ரசத்துக்குக் கடைக்குப் போய்ப் பூண்டு வாங்கிய வீடு இந்த மலையில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். என் சட்டையிலிருந்து தலைமுடி வரை அந்த வாடைதான். பள்ளியில் என் பெயரே பூண்டு. நான் அழுதால், "பூண்டு வாடை குளிச்சாப் போயிரும்த்தா, வட்டி வாடைதான் போகாது" என்பார். எனக்கு அப்போது ஆறுதலாக இல்லை.

நான் பள்ளிப்படிப்பை முடித்த வருடம், ஜீப்பின் முதலாளி வண்டியை விற்கப்போவதாகச் சொன்னார். அப்பாவுக்கே முதல் உரிமை, ஆனால் மழை முடிவதற்குள் பணம் வேண்டும் என்றார். சொந்த ஜீப் என்பது அப்பா வாய்விட்டுச் சொல்லாத ஆசை. இரண்டு வருடமாக அதற்காகத்தான் பூண்டு விற்ற காசையும் மறுபடி பூண்டாகவே மாற்றிச் சேர்த்துக்கொண்டிருந்தார் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. நடவுக்கு இன்னும் நாள் கிடந்தது. விதை விலை வர வேண்டுமானால் காத்திருக்க வேண்டும். வத்தலக்குண்டு வியாபாரி அன்றே எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார், சமையல் பூண்டு விலைக்கு.

அந்த நாட்களில் அப்பா வீட்டுக்கும் ரோட்டுக்குமாக நடந்தார். மழையில் நனைந்தபடி போய் ஜீப்பைப் பார்த்துவிட்டு வருவார். வந்து கொத்துகளைத் திருப்புவார். ஈரத்தில் பூண்டு அழுகத் தொடங்கியிருந்தது. மறுபடியும் போவார்.

அம்மா பொறுக்கமாட்டாமல் சொன்னார். "வித்துருங்க. கொறையிறதுக்கு வட்டிக்கு வாங்குவோம். வண்டி கைய விட்டுப் போயிட்டா நீங்க தாங்க மாட்டீங்க."

அப்பா மூங்கிலைப் பிடித்தபடி நின்றார். "பாதி வெலைக்கு வித்து, மீதிக்கு வட்டிக்கு வாங்கினா, வண்டி எம்பேர்ல இருக்கும். நான் வட்டிக்காரன் பேர்ல இருப்பேன். வேணாம்."

ஜீப்பை வேறொருவர் வாங்கினார். வயதில் இளையவர், நல்லவர். அப்பாவையே ஓட்டுநராக வைத்துக்கொண்டார். தான் வாங்க நினைத்த வண்டியை அப்பா மறுநாளும் சம்பளத்துக்கு ஓட்டினார். அன்றும் வழக்கம்போல் துடைத்தார்.

நடவு வந்தது. அழுகியது போக மீதி நல்ல விலைக்கே போனது. முன்னெப்போதும் பார்த்திராத தொகையோடு கிளாவரையிலிருந்து வந்தவர், அதை அம்மாவின் கையில் திணித்தார்.

"வெரசா இதுக்கு ஒரு வழி பண்ணணும். ரெண்டு நாள் எங்கிட்ட இருந்தா, போன வண்டிய நெனச்சு நெனச்சு எல்லாத்தையும் பரோட்டாவாக்கிப்புடுவேன். புள்ள டீச்சருக்குப் படிக்கணும்னாளே, அதுக்குக் கட்டிருவோம்."

மூவரும் பழனி பஸ்ஸில் மலை இறங்கினோம். காசு அம்மாவின் இடுப்பில் முடிந்திருந்தது. அப்பா அதைத் தொடவே இல்லை. பழனியை அடுத்திருந்த பயிற்சிப் பள்ளியில் அம்மாதான் பணத்தைக் கட்டினார். திரும்ப பஸ் நிலையத்தில் நின்றபோது ஒரு ஜீப் போனது. அது திரும்பி மறையும்வரை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "நல்லாப் படி ஆத்தா" என்றார். அப்பா, நான் படித்தேன். இன்று மேல்மலைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். அந்த ஜீப்பின் விலைதான் என் உத்தியோகம் என்பதை ஒரு நாளும் மறந்ததில்லை.

கடைசியில் நெஞ்சுச் சளி அவரைக் கட்டிலில் போட்டது. படுத்திருப்பது அவருக்கு நோயைவிடப் பெரிய துன்பமாக இருந்தது. மருந்துக்கும் அடக்கத்துக்கும் பூண்டு விற்ற காசு தனியாக இருக்கிறது, யாரிடமும் கை நீட்ட வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னார். நாங்கள் நீட்டவும் இல்லை.

நோயில் முறை வைத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓட்டுநர் நண்பர்களுக்கும், கிளாவரையிலிருந்து மழையில் நடந்து வந்த விவசாயிகளுக்கும், பங்குத்தந்தைக்கும், அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அப்பாவைக் கல்லறைத் தோட்டத்துக்கு அந்த ஜீப்பில்தான் கொண்டுபோனோம். பின்னால் படுத்தபடி அவர் அதில் போனது அதுதான் முதல் தடவை. அடக்கம் முடிந்ததும், அன்று ஜீப்பை வாங்கிய அந்த இளையவரிடம் அம்மா வாடகையை நீட்டினார். "அவரு யாருக்கும் பாக்கி வச்சதில்லங்க, வாங்கிக்கங்க" என்றார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சொந்தக்காரர்கிட்ட யாராச்சும் வாடகை வாங்குவாங்களாக்கா?"

அவர் உறவைச் சொன்னாரா, வண்டியைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. இரண்டுக்கும் சேர்த்து அவருக்கு எங்கள் நன்றி.