கடைசித் தாளை முதலில் கிழித்துப் பார்த்த சோமாவதி

ஆடிப்பெருக்கு அன்று, எங்கள் அச்சகத்தில், அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தைச் சாமி முன்னால் வைத்துச் சூடம் காட்டிக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. கொழும்பு நம்பர். வருஷா வருஷம் அந்த நேரம் பார்த்து அவர்தான் கூப்பிடுவார். "அக்கா, ஆல்பம் போட்டாச்சா? முதல் படம் என்ன?" என்பார். நான் எடுத்த எடுப்பில், "போட்டாச்சு சோமா, இந்தத் தடவை மயில்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். பேசியது அவர் மகள். முந்தின இரவு தூங்கப்போன அம்மா காலையில் எழுந்திருக்கவில்லை என்றாள். தட்டில் சூடம் அணைந்துபோயிருந்தது. மறுபடி ஏற்ற யாருக்கும் கை வரவில்லை.

சிவகாசியில் காலண்டர் தொழிலில் இருக்கும் உங்களில் பலருக்குச் சோமாவதியைத் தெரியும். கொழும்பு புறக்கோட்டையில் பேப்பர் கடை வைத்திருந்த சிங்களப் பெண்மணி. பக்கத்துக் கடைக்காரர்களிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றவர். ஒரு பெரிய துணிப்பை, அதில் நமக்கென்று ஒரு டப்பா தொதல் என்கிற தேங்காய்ப்பால் அல்வா, இதுதான் அவர் வரும் கோலம். தொழில் மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரக் கேட்டபோது, பேங்கில் ஆபீசராக இருக்கும் என் பேத்தி, "நீங்க சொல்லுங்க ஆச்சி, நான் எழுதுதேன்" என்றாள். வேண்டாம் என்றேன். நான் படித்த ஐந்தாம் வகுப்பு இதற்குப் போதும்.

எல்லோரும் காலண்டரின் முதல் தாளைத் தடவிப் பார்ப்பார்கள். சோமா தேதித்தாள் கட்டைத் திருப்பி, டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதித் தாளைக் கிழித்துப் பார்ப்பார். "முதல் தாளை எல்லாரும் வடிவா வைப்பாங்க அக்கா. கடைசித் தாள் தனியா, சுத்தமா கிழிஞ்சு வந்தாத்தான் அது காலண்டர்" என்பார். கிழித்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்.

அவர் முதல்முதலாக வந்தது அங்கே சண்டை முடிந்து சில வருஷம் கழித்து. எங்கள் பைண்டிங் பகுதியில் அப்போதும் இப்போதும் தாள் அடுக்குகிறவள் தவமணி. சின்னப் பிள்ளையாக மன்னார்ப் பக்கமிருந்து தாயோடு படகில் வந்தவள். ஆனைக்குட்டம் அகதி முகாமிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். அவளுடைய அண்ணனைச் சண்டைக் காலத்தில் சிங்களப் பட்டாளம் கூட்டிப் போனது. அவன் திரும்பவில்லை. சோமா வாசலில் நின்று போனில் சிங்களத்தில் பேசினார். அவ்வளவுதான், தவமணி அடுக்கின தாளை அப்படியே வைத்துவிட்டுத் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் முகாமுக்கே போய்க் கேட்டேன். "ஏத்தா, அவுக யாவாரத்துக்கு வந்தவுக. உங்க அண்ணனை அவுகளா கூட்டிட்டுப் போனாக?"

"எனக்கு அது தெரியும் அம்மா," என்றாள். "என்ர காதுக்குத் தெரியேல்லையே."

வேலைக்குத் திரும்பினாள். ஆனால் சோமா வரும் நாளெல்லாம் சுவரைப் பார்த்துத்தான் உட்காருவாள். சோமாவும் அந்தப் பக்கம் போகமாட்டார். தொதல் டப்பாவை மட்டும் அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வருவார். அது திறக்காமலே கிடக்கும்.

பிறகுதான் நாங்கள் அந்தத் தவறைச் செய்தோம். இலங்கையில் பௌர்ணமிதோறும் போயா என்று லீவு. கடை கண்ணி அடைத்து, வெள்ளை உடுத்திப் பன்சலைக்கு, அதாவது அவர்கள் கோயிலுக்கு, போவார்கள். சோமா எங்களிடம், "நிலா நாள் எல்லாம் சிவப்பு" என்று சொல்லியிருந்தார். நமக்கு நிலாக் கணக்கில் பெரிய நாள் எது? அமாவாசைதானே! லோடு ஏற்றுவதும் அன்றைக்கு, புது மிஷினுக்குப் பொட்டு வைப்பதும் அன்றைக்கு. டிசைன் போட்டவர் யோசிக்காமல் அமாவாசை எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிட்டார். நானும் பார்த்து, சரி என்றேன். தாள் முழுக்க அடித்து, வெட்டி, அடுக்கியாகிவிட்டது. தலைப்பில் தகரப் பட்டை அடித்துக் கட்டாக்குவதுதான் பாக்கி.

சோமா வந்து ஒரு கட்டை எடுத்துப் புரட்டினார். சட்டென்று கை நின்றது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். "அக்கா! நிலாவே இல்லாத நாள்ல எங்கட சனத்தை எல்லாம் பன்சலைக்கு அனுப்பிட்டீங்களே! இருட்டுல எங்க போய் விழுவாங்க?"

எல்லோரும் சிரித்தோம். தவமணி சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கமிருந்து திரும்பி, முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்து, சிங்களத்தில் அம்மணி என்பதற்குச் சொல்கிற 'நோனா' போட்டுச் சொன்னாள்: "நான் அடுக்கேக்கையே பிழையைக் கண்டனான் நோனா. தெரிஞ்சுதான் சொல்லேல்ல."

சோமா மெதுவாகப் போய் அவள் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "நானா இருந்தா நானும் சொல்லியிருக்க மாட்டேன் தங்கச்சி," என்றார். "என் தம்பியும் பட்டாளத்துக்குப் போனான். அவனை வச்ச பெட்டியைத் திறக்கவேணாம்னு சொல்லித்தான் தந்தாங்க."

புதுத் தாள் அடித்து வர வர, தப்பான தாளை உருவினார் சோமா. சரியானதைச் செருகினாள் தவமணி. வேலை முடிகிறவரை ஊருக்குப் போகவில்லை அவர். கடைசி நாள் தொதல் டப்பா திறந்திருந்தது.

அந்த நாட்டில் பெட்ரோலுக்கும் பால் பவுடருக்கும் சனம் வரிசையில் நின்ற வருஷம் ஆர்டர் வரவில்லை. "இந்த வருஷம் காலண்டர் இல்லை அக்கா, நாள் மட்டும்தான் இருக்கு" என்றார் போனில். இங்கிருந்து கப்பலில் அரிசி போவதை டிவியில் காட்டினார்கள். வெட்டியதில் மிஞ்சிய காகிதத்தில், போயா நாள் போட்ட கையகலக் காலண்டர் அடித்து அனுப்பலாமா என்று கேட்டது யார் தெரியுமா? தவமணிதான். அனுப்பினோம். சோமா அதைத் தன் தெரு முழுக்கச் சும்மாவே கொடுத்தாராம்.

தவமணியின் தாய்க்கு ஒரே ஆசை, செத்தாலும் சொந்த ஊரில் சாகவேண்டும் என்பது. வீடு இருக்கிறதா, இல்லையா என்று சொல்லக்கூட அங்கே ஆளில்லை. சோமா தானே பஸ் பிடித்து மன்னார்ப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, அடுத்த தடவை வந்தபோது முகாமுக்குப் போய்ச் சொன்னார். பொய் சொல்லவில்லை. "வீடு இல்லை அம்மா. கூரை, சுவர் ஒண்டும் இல்லை. கிணறு இருக்கு. தண்ணி குடிச்சுப் பார்த்தேன். நல்ல தண்ணி." அந்தக் கிழவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "கப்பல் ஒழுங்கா ஓடட்டும், ஊர் திரும்பற உங்க அனுமதித் தாளும் வரட்டும். நானே வந்து கூட்டிப்போறேன்" என்று வாக்குக் கொடுத்தார் சோமா.

இலங்கைக்குக் கப்பல் விட்டார்கள், நிறுத்தினார்கள், மறுபடி விட்டார்கள். இரண்டு நாட்டுத் தலைவர்களும் கொடிக்கு முன்னால் கைகுலுக்குவதை டிவியில் பார்த்தால் உடனே சோமாவுக்குப் போன் போடுவேன். "பெரியவங்க கையெழுத்துப் போடட்டும் அக்கா, நல்லதுதான். தாளை அடுக்கறது நாமதானே" என்பார். கிழவியின் தாள் மட்டும் இன்னும் வந்தபாடில்லை. அதற்குள் இவர் போய்விட்டார்.

துக்கம் சொல்ல ஆனைக்குட்டம் போனேன். தவமணி என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் தாய் அழவில்லை. "கிணத்தைக் கண்டவ அவ ஒருத்திதான். இனி ஆர் என்னைக் கூட்டிட்டுப் போறது?" என்றார்.

யோசிக்காமல் சொன்னேன்: "நான் வாறேன்."

வீட்டில் மகனிடம் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடச் சொன்னேன். "மதுரைக்குப் போனாலே பஸ்ஸுல உங்களுக்கு வாந்தி வரும், இதுல கப்பலாம்மா?" என்றான். வந்தால் வரட்டும். சோமாவின் மகள் இந்த வருஷமும் ஆர்டர் கொடுத்திருக்கிறாள். முதல் கட்டைத் தவமணிதான் திருப்பி, கடைசித் தாளைக் கிழித்தாள். தனியாக, சுத்தமாக வந்தது. மடித்து என் கையில் வைத்தாள். அந்தத் தாளும், சோமா கொடுத்து நிறைவேற்றாமல் போன அந்த வாக்கும் இப்போது என்னிடம்.

அன்று முகாமை விட்டுக் கிளம்பும்போது கிழவி என்னைக் கேட்டார்: "நீங்க கடல்ல போயிருக்கிறீங்களோ?"

"தூத்துக்குடியில கரையில நின்னு பாத்ததோட சரி."

"அப்ப பயப்பிடாதீங்க," என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். "நான் வந்த கடல்தானே. நான் கூட்டிட்டுப் போறன்."