ஆறு வருடத்துக்கு ஒரு கணினி

தம்பி ஜெர்மனிக்குப் போய் ஏழு வருடம். தொலைபேசியில் எங்களுக்குக் கதைக்க எதுவும் இருந்ததில்லை. சுகமா, அங்கே குளிரா என்று கேட்டு இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுவோம். நாங்கள் உண்மையில் கதைத்தது ஒரு கணினி விளையாட்டுக்குள். இணையத்தில் இருவர் சேர்ந்து, மைக்கில் கதைத்தபடியே லொறி ஓட்டும் விளையாட்டு. ஞாயிறு ஆராதனை முடிந்து சுன்னாகத்து வீட்டுக்கு வந்ததும் நான் கணினிக்கு முன்னால் இருந்துவிடுவேன். அங்கே அவனுக்கு அது காலை நேரம். அவனுடைய லொறி முன்னே போகும், என்னுடையது பின்னே. கண் வீதியில் இருப்பதாலோ என்னவோ, வாய் தானாகத் திறக்கும். அப்பாவின் சாவுக்கு வர முடியாமல் போனதைச் சொல்லி அவன் அழுததும் அப்படி ஒரு ஓட்டத்தில்தான்.

போன வருடம் அந்த விளையாட்டின் புதிய பதிப்பு வந்தது. என் பழைய கணினியால் அதை இழுக்க முடியவில்லை. திரை விட்டு விட்டு நகர்ந்து, கடைசியில் அப்படியே நின்றுபோகும். இருவரிடமும் ஒரே பதிப்பு இருந்தால்தான் சேர்ந்து ஓடலாம் என்பதால், எங்கள் ஞாயிறு ஓட்டமும் நின்றது.

நான் நல்லூரில் ஒரு டியூஷன் நிலையத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். கையில் இருந்தது கொஞ்சம். ஒரு தடவை மாற்றினால் பிறகு ஆறு வருடத்துக்குத் தொடக்கூடாது என்று முடிவெடுத்தேன். ரவுண் கடைத்தெருவில் கணினிக் கடை வைத்திருப்பவர் என் வயதுக்காரர், நிதானமானவர். பின்னாளில் புரோசசரை மட்டும் மாற்றக்கூடிய மதர்போர்டாக எடுக்கச் சொன்னார். எங்கள் ஒழுங்கையில் மின்சாரம் ஏறி இறங்கும் என்றதும், பவர் சப்ளையில் மட்டும் மிச்சம் பிடிக்கவேண்டாம் என்றார். இரண்டுக்கும் கொடுத்தால் கிராபிக்ஸ் கார்டுக்குப் போதாது. விலை இறங்கும் என்று காத்திருந்தேன். மாணவர்களின் புள்ளிக் கொப்பியின் பின்பக்கங்களில் பட்டியல் போட்டேன், வெட்டினேன், திரும்பவும் போட்டேன். உண்மையைச் சொன்னால், அது எனக்குப் பிடித்திருந்தது.

தம்பி இடையில் இரண்டு முறை தொலைபேசியில் எடுத்தான். இரண்டாம் முறை சொன்னான்: "ஆரும் பாவிச்ச பழைய கார்டு ஒண்டை வாங்கிப் போடுங்கோ அண்ணை. இப்போதைக்கு ஓடினாக் காணும்."

வகுப்பில் விளங்கப்படுத்துவதுபோல அவனுக்கு விளங்கப்படுத்தினேன். "பொறடா. ஒருக்கா வடிவா மாத்தினா ஆறு வருஷத்துக்குப் பாக்கத் தேவையில்லை."

"ஆறு வருஷம்," என்றான். ஒத்துக்கொண்டுவிட்டான் என்று நினைத்தேன்.

எல்லாம் சேர்ந்து நாலு மாதம் போயிற்று. ஒரு சனிக்கிழமை கடைக்காரர் புதிய பாகங்களைக் கணினியில் பூட்டித் தந்தார். மறுநாள் விளையாட்டைத் திறந்தேன். தம்பியின் பெயர் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அவன் உள்ளே வந்து பத்தொன்பது நாட்கள் ஆகியிருந்தன. அவனுடைய தொலைபேசியும் வேலை செய்யவில்லை. அம்மா கேட்டபோது, அவனுக்கு வேலை கூடிவிட்டது என்று பொய் சொன்னேன்.

மூன்று கிழமை கழித்துத் தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து எடுத்தான். அகதி விண்ணப்பத்தின் கடைசி மேன்முறையீடும் தள்ளுபடி ஆகியிருந்தது. நாட்டைவிட்டுப் போகச் சொல்லிக் கடிதம் வந்ததாம். திருப்பி அனுப்புவதற்கு முன் வேறு நாட்டுக்கு மாறிவிட்டான். எந்த நாடு என்று சொல்லவில்லை. ஒரே அறையில் ஆறு பேர். உணவகத்தில் கோப்பை கழுவுகிறான். பயணச் செலவுக்குக் கணினியை விற்றுவிட்டான். கடிதம் எப்போது வந்தது என்று கேட்டேன். நான் பட்டியல் போடத் தொடங்கிய மாதத்தில் வந்திருக்கிறது.

"ஏன்டா எனக்குச் சொல்லேல்லை?"

"விளையாடேக்கை சொல்லுவம் எண்டு இருந்தனான் அண்ணை. போனிலை சொல்ல வாய் வரேல்லை."

யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு விளையாட்டைத் திறந்து தனியே கொஞ்சத் தூரம் ஓட்டினேன். திரையில், லொறிக் கண்ணாடியில் மழைத்துளிகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தன. பாதி வழியில் நிறுத்திவிட்டேன். கார்டைத் திருப்பி எடுக்கக் கடைக்காரர் சம்மதித்தார். நான் இன்னும் கொண்டுபோகவில்லை.

தம்பி எடுத்த இலக்கத்துக்குப் பல தடவை எடுத்துப் பார்த்தேன். வேறு யாரோ எனக்கு விளங்காத மொழியில் ஏதோ சொல்லி வைத்துவிடுகிறார். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை.