மாட்டுச்சாளைக்கு அடியில் ஓடிய வாய்க்கால்

இன்று காரமடை பேக்கரியில் என் பங்காளி சண்முகத்தைப் பார்த்தேன். வரப்புத் தகராறுக்குப் பிறகு ஏழு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. அவனே வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"ஏனுங்கண்ணா, நாளைக்கு எங்க மாட்டுச்சாளைய இடிக்கறாங்க. பழைய வாய்க்கால் அதுக்கடியிலதான் போச்சாமுங்க. நானே சரின்னு சொல்லிப்போட்டேன்."

எங்கள் ஊர்க் குளத்தை மீட்க வந்த ஆராய்ச்சிக்காரர்கள் போன வருடம் வீடு வீடாக எல்லோருடைய நினைவுகளையும் பதிவு செய்து, ஒரு செயலிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஊரில் யார் கேட்டாலும் அந்த நினைவுகளிலிருந்து அது பதில் சொல்லும். குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த பழைய வாய்க்கால் எங்கே போனது என்று என்னிடமும் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. சண்முகத்தின் மாட்டுத் தொழுவத்துக்கு அடியில் என்று சொன்னேன். வேண்டுமென்றேதான்.

சண்முகம் ஃபோனில் அந்தச் செயலியைத் திறந்து நீட்டினான். நான் சொன்ன வாக்கியம், ஒரு சொல் மாறாமல். அதன் கீழே, 'பதினோரு பேர் இதையே சொல்லியிருக்கிறார்கள்.'

"அது நான் சொன்ன பொய்டா," என்றேன்.

அவன் சிரித்தான். "சும்மா இருங்கண்ணா. அந்தப் பதினோரு பேர்ல நானும் ஒருத்தனுங்க. அப்பன் தோள்மேல உக்காந்து தண்ணி போறதப் பாத்திருக்கேன். ஓரத்துல ஒரு துவைக்கற கல்லு கெடக்குமே, ஞாபகமில்லீங்களா?"

என் இடது முழங்காலில் ஒரு பழைய தழும்பு உண்டு. எப்படி வந்தது என்று இதுவரை எனக்குத் தெரியாது. பஸ்ஸில் திரும்பும்போது, அந்தக் கல்லில் வழுக்கி விழுந்தது நினைவுக்கு வந்துவிட்டது.

காரமடைப் பக்கத்து நண்பர்களே, அப்படி ஒரு வாய்க்காலைப் பார்த்ததே இல்லை என்று ஒருவராவது இங்கே எழுதுங்கள். காலை எட்டு மணிக்குப் பொக்லைன் வருகிறது.