சித்தியைக் கூப்பிட்ட துண்டு

ஒரு கண்மாயையே கையசைப்பில் கலக்கியவள் நான். நம்பாவிட்டால் போங்கள்! அப்போது எனக்கு எட்டு வயது. மதுரையிலிருந்து மேலூருக்குக் கிழக்கே இருக்கும் மாமா ஊருக்கு மீன்பிடி பார்க்கப் போயிருந்தேன்.

அந்தக் கண்மாய்க்கு இரண்டு அரசாங்கம். எங்கள் கரை வெள்ளைக்காரன் சீமை, எதிர்க்கரை புதுக்கோட்டை சமஸ்தானம். மீனுக்கு இதெல்லாம் தெரியாது, மனுஷனுக்குத் தெரியுமே! கோடையில் தண்ணீர் வற்றும்வரை இரண்டு ஊராரும் ஒரு கெண்டையைக்கூடத் தொடக்கூடாது. வற்றியதும் இரண்டு ஊர்த்தலைவர்களும் ஒரே நேரத்தில் வெள்ளைத் துணியை வீசுவார்கள். அதன் பிறகே சனம் இறங்கும். ஒரு கரை முந்தினால் கட்டுப்பாடு முறிந்தது. கண்மாய்க்குத் தண்ணீர் வரும் கால்வாயோ எதிர்க்கரைக்காரர் எல்லைக்குள் இருந்தது. அவர்கள் முறைத்துக்கொண்டால் எங்கள் வயலில் புல்தான் முளைக்கும்.

எங்கள் கரைக்குத் தலைவர் மாமா. விடிந்ததும் ஊத்தாக்கூடையும் வலையுமாகச் சனம் நெருக்கியடித்து நின்றது. வேட்டியை இறுக்கிக் கட்டுவதற்காக மாமா, வீசுவதற்கு வைத்திருந்த வெள்ளைத் துண்டை என்னிடம் நீட்டினார்.

"பத்திரமா வச்சிரு தாயி, இந்தா வாங்கிக்கிறேன்."

பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். ஆனால் எதிர்க்கரைக் கூட்டத்தில் என் சித்தி நின்றாள்! அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவளைப் பார்த்து ஒரு வருஷம். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"சித்தீ! இங்க இருக்கேன்!" என்று துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினேன்.

ஓவென்று எங்கள் கரை மொத்தமும் சேற்றில் குதித்தது.

"அடிப்பாவி, குடியைக் கெடுத்தியே!" மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

எதிர்க்கரைத் தலைவர் சித்தியின் மாமனார். அவருடைய துண்டு அப்போது பூசைக்காகப் பூசாரியின் தட்டில் இருந்தது. எங்கள் கரையைப் பார்த்தார். சட்டென்று இடுப்பு வேட்டியை உருவி இரண்டு கையாலும் வீசினார். அந்தக் கரையும் இறங்கியது.

அப்புறம் என்ன, கொண்டாட்டம்தான்! உச்சந்தலைவரை சேறு அப்பிய பிறகு யார் எந்தச் சீமை என்று யார் கண்டது? சித்தி என்னைத் தூக்கிச் சுற்றினாள். என் கவுனுக்குள் ஒரு கெளுத்தி புகுந்து நான் போட்ட கூச்சலில் இரண்டு கரையும் சிரித்தது.

மத்தியானம் சித்தியின் மாமனார் பெரிய விரால் ஒன்றோடு எங்கள் கரைக்கு வந்தார். மாமா பதறி எழுந்து நின்றார்.

"என்ன மாப்ள, ரெண்டு கரையும் ஒண்ணாத்தான வீசுனோம்?"

"ஆமா மாமா," என்று என் மாமா விராலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"அம்புட்டுத்தான். பிள்ளைக்குக் குழம்பு வைக்கச் சொல்லு."

பாவம், கிழவருக்குக் கண் மங்கல் என்று நினைத்துக்கொண்டேன். அத்தனை பெரிய மனிதர் ஊரே பார்க்கக் கோவணத்தோடு நின்ற கதையை மதுரைக்கு வந்தும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். ஐப்பசியில், கால்வாயில் தண்ணீர் வந்து கண்மாய் நிறைந்ததாக மாமாவின் கடிதம் வந்தது. அன்றைக்கும் அதையே நடித்துக் காட்டினேன்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மகராசன் நல்லாருக்கணும்," என்றாள்.

வேட்டியை அவிழ்த்த மனுஷனுக்கு எதற்கு வாழ்த்து என்று எனக்கு விளங்கவே இல்லை.